சிவப்புக்கு ஏறிய முள்

என் மனைவி ரிஸ்வானா கனமூலைப் பாடசாலையில் ஆசிரியை. எங்கள் காரில்தான் தினமும் போய்வருவாள். ஒருநாள் பாடசாலை விட்டு எங்கள் பிள்ளைகளுடன் வரும் வழியில் காரை நிறுத்திவிட்டு என்னை அழைத்தாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டதாம். கொதித்துக்கொண்டு போனேன்.

"தண்ணி பார்க்காம ஓட்டி எஞ்சினை எரிச்சிட்டியா?"

"தண்ணி நிறைய இரிக்கி. காலையில காருக்குத் திறப்பைப் போட்டவுடனேயே முள்ளு ஏறி இறங்கிட்டு, இப்ப ஏறினது இறங்கவே இல்ல. எஞ்சின் சுடவே இல்ல, கேளுங்க."

நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் அவளை ஏசி, கையிலிருந்த கார்த் திறப்பைப் பிடுங்கினேன். ஒரு கிழமை முழுக்க அவள் பஸ்ஸில் போனாள்.

பிறகுதான் என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். ஆறிக் கிடந்த எஞ்சினில் திறப்பைத் திருப்பினார். முள் நேரே சிவப்புக்கு ஏறியது. சூட்டை அளக்கும் சென்சரின் வயரைக் கழற்றினார். முள் கீழே இறங்கியது.

"எஞ்சினுக்கு ஒண்டுமில்ல நானா, சென்சர்தான் பழுது. ஆறின எஞ்சின்லயே முள்ளு ஏறுறத ஒருத்தரும் கவனிக்கல்லயா?"

வாசலில் நின்ற ரிஸ்வானா என்னைப் பார்த்தாள்.

புதிய சென்சர் போட்டதும் திறப்பை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பிள்ளைகளுக்கு முன்னுக்குத்தானே ஏசினீங்க? பிழை யார்ல எண்டு அவங்களுக்கு முன்னுக்கே சொல்லுங்க."

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாலையில்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உம்மா சொன்னதுதான் சரி. நான்தான் கேட்கல்ல" என்றேன்.

அன்று வீதியில் அவள் பேச்சைக் கேட்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.