திருச்சுழிப் பக்கத்துக் கிடாவும் என் மைக்ராஸ்கோப்பும்

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போய் வந்தேன். கோயிலுக்கு இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு செம்மறிக் கிடாவின் விந்தணு ஓடுகிறதா என்று பார்க்க. சிரிக்காதீர்கள். ஆடு வளர்க்கிற யாருக்காவது இப்படியொரு பயணம் தேவைப்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் வேலை ஆய்வுக்கூடத்தில் வெள்ளெலிகளோடு. உடம்பில் சூடு ஏறினால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற ஒன்று கூடும்; அது விந்தணுவின் வெளிச்சவ்வை அரித்து ஓட முடியாமல் செய்துவிடும். வைட்டமின் ஈ, செலினியம் மாதிரியான எதிர் ஆக்சிஜனேற்றிகளைக் கொடுத்தால் எவ்வளவு மீள்கிறது என்று நான்கு வருடமாகப் பார்த்து வருகிறேன். நாங்கள் செய்கிற முறையில், பார்ப்பதற்கு எலியைக் கொன்றாக வேண்டும். மீண்ட விந்தணு ஒரு குட்டியாவதை நான் பார்த்ததே கிடையாது.

எங்கள் விலங்குக் கூடத்தைச் சுத்தம் செய்பவரின் அக்கா முத்துமாரி. திருச்சுழிக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரிசல் கிராமம். அவரும் கணவர் பால்ச்சாமியும் கணவரின் அண்ணன் சுப்பையாவும் கூட்டாக வளர்த்த பதினெட்டுப் பெட்டை ஆடுகளில் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் கறிக்குத் தள்ளிவிடுவது என்று சுப்பையா முடிவு செய்துவிட்டார். முத்துமாரி எனக்குப் போன் செய்தார். "எல்லாரும் பெட்டையத்தான் குத்தம் சொல்றாக. கிடாவ ஒருத்தரும் சந்தேகப்படல" என்றார்.

மே மாதம் என் தோழி, கால்நடை மருத்துவர் ரேவதியோடு போனேன். கிடா தகரக் கொட்டகைக்குள் கட்டிக் கிடந்தது. உள்ளே ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. சோதித்ததில் விந்தணு இருந்தது, ஆனால் அசையவில்லை. கிடாவை வேப்பமர நிழலுக்கு மாற்றி, அதன் எடைக்குத் தக்க அளவில் வைட்டமின் ஈயும் செலினியமும் எழுதிக் கொடுத்தார் ரேவதி. புது விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆகஸ்டில் ஒரு நாளைக் குறித்து அதுவரை பொறுப்பதாக சுப்பையா ஒப்புக்கொண்டார். அன்று பதினொரு மணிக்கு வியாபாரி வண்டியோடு வருவார் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த நாளில்தான் இந்தப் பயணம். மதுரை மாட்டுத்தாவணியில் ரேவதியோடு காலை 5.40 பஸ். அருப்புக்கோட்டை 7.10. பஸ் நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, டீ. திருச்சுழி டவுன் பஸ் 7.45-க்கு வந்தது, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் நின்று நின்று போய் 8.35-க்கு இறக்கிவிட்டது. அங்கிருந்து ஆட்டோ 150 ரூபாய். மடியில் பழைய மாடல் மைக்ராஸ்கோப்பு. கண்ணாடியில் வெயிலைப் பிடித்து வேலை செய்கிற வகை. கரண்டு வேண்டாம், இந்தப் பக்கம் வெயிலுக்கும் பஞ்சமில்லை.

பெட்டிக்குள் என்ன என்று ஆட்டோக்காரர் கேட்டார். சொன்னேன். "எதுக்கெல்லாம் வாராக பாருங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால், வியாபாரி சொன்ன நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கிறார். பெட்டைகளின் கழுத்தில் கயிறுகூட மாட்டியாகிவிட்டது. முத்துமாரி மட்டும் வண்டிக்கும் ஆடுகளுக்கும் நடுவே நின்றார். அவுக வரட்டும், அதுக்கப்புறம் ஏத்துங்க என்று அரைமணி நேரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ரேவதி மாதிரியை எடுத்தார். மாதிரி வைக்கிற கண்ணாடித் தகடு சூடு ஆறிவிடக் கூடாது என்று வெந்நீர் பிளாஸ்கின் மேல் வைத்திருந்தேன். ஒரு சொட்டு வைத்து, மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பி, குனிந்து பார்த்தேன்.

அலை அலையாகச் சுழன்றது. ஒரு சொட்டு முழுக்க, ஒரு மூலை பாக்கியில்லாமல். நகர்ந்து ரேவதிக்கு இடம் விட்டேன். அவர் பார்த்துவிட்டு முத்துமாரியைக் கூப்பிட்டார். முத்துமாரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கம்மாயில மீன்குஞ்சு துள்ளுறாப்புல இருக்கு" என்றார்.

சுப்பையாவும் பார்த்தார். ஆனாலும் தயங்கினார். இன்னொரு பருவமும் வீணாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று வியாபாரி தூபம் போட்டார். பெட்டையிடம் குறை இருந்தால் கிடா என்ன செய்யும் என்றார்.

அதுவரை வேப்பமரத்தடியில் கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற பால்ச்சாமி பேசினார். லோடு வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கும் இதே மாதிரி பாத்தாக, அண்ணே, டவுனு ஆஸ்பத்திரில. சாயப்பட்டறை பாய்லர் வேலையில இருந்தப்ப. கொறை என்கிட்டத்தான். அதுக்கு முன்னால ஒம்போது வருசம் இவ மலடின்னு பேச்சு வாங்குனா. நீங்களும் சொன்னீக. நான் வாயத் தொறக்கல."

சுப்பையா தம்பியையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு பெட்டையாகப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். பாய்லர் வேலையை விட்டு, வைத்தியம் பார்த்த பிறகு பிறந்த மகள் பத்தாவது படிக்கிறாள் என்று பின்னால் முத்துமாரி சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு கெத்து. வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

ஜனவரியில் பெட்டைகள் ஈனத் தொடங்கின. பதினெட்டில் பதினாறு. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குட்டியைத் தூக்கினேன். நான்கு வருட எலிக் கணக்குக்கு அன்றுதான் எனக்கு உயிர் வந்தது. மருந்தா, நிழலா, சூடு தணிந்ததா, எது எவ்வளவு வேலை செய்தது என்று ஒரே ஒரு கிடாவை வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வாளராக அதை ஒப்புக்கொள்கிறேன். சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மருத்துவர் இல்லாமல் போகாதீர்கள். செலினியம் அளவு மீறினால் விஷம். கடையில் வாங்கி நீங்களாகவே கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். கோடையில் கிடாவைத் தகரத்தின் கீழ் கட்டாதீர்கள். காலை பத்துக்குள் வேலையை முடித்தால் மதியம் 12.20 பஸ்ஸில் அருப்புக்கோட்டை திரும்பிவிடலாம். மந்தையில் சினை பிடிக்கவில்லையா? பெட்டைகளின் கழுத்தில் கயிறு மாட்டுவதற்கு முன்னால், ஒரே ஒரு சொட்டு, கிடாவைச் சோதித்துவிடுங்கள்.