மஞ்சள் பொத்தான்

அத்தா இறந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்துவிட்டது. கட்டிலோரத்துப் பெட்டியை இன்னும் நான் கழற்றவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளியின் தமிழ் வகுப்புக்கு அத்தா கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் அமீருதீன் மாஷ். படித்தவர்கள் கடைக்காரர்கள், கொத்தனார்கள் வீட்டுப் பிள்ளைகள். கேள்வி கேட்டால் மொத்த வகுப்பும் தலையைக் குனிந்துகொள்ளும். 1977இல், பாலிடெக்னிக் முடித்த கையோடு, அவருக்காக ஒரு கருவி செய்தேன். ஒவ்வொருவர் இடத்திலும் மேசைக்கடியில் பொத்தான்கள். முன்னால் ஒரு பலகையில் டார்ச் பல்புகள். அத்தா சொல்லும் விடை சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு.

முதல் நாளே படுதோல்வி. முன்பெஞ்சு பிச்சைமணியின் பல்பு எரியும்வரை காத்திருந்து, எல்லோரும் அதே நிறத்தை அமுக்கினார்கள். பக்கத்து வகுப்பு கமலாக்ஷி டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஷே, கிளாஸா, உற்சவப் பந்தலா?"

"பந்தலேதான் டீச்சரே. சீரியல் செட்டு மாதிரி எல்லாம் ஒண்ணா எரியுது பாருங்க."

அன்று சாயங்காலம் அத்தா பலகையைத் தன் பக்கம் திருப்பி வைத்தார்.

"மோளே, மஞ்சள் ஒண்ணு சேரு. தெரியாதுன்னு சொல்ல."

"எல்லாரும் அதையே அமுக்குவாங்க அத்தா."

"அமுக்கட்டும். எங்கேருந்து தொடங்கணும்னு தெரிஞ்சிடுமே."

மஞ்சள் எரிந்தால் யாருடையது என்று சொல்லமாட்டார். "நல்லது" என்பார். முதலிலிருந்து சொல்லித்தருவார். பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்பார். மஞ்சள் பச்சையாகும்வரை, மணியடித்தாலும் விடமாட்டார்.

ஓய்வு பெற்றபின் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. இடது கைவிரல்கள் மட்டும் அசைந்தன. கட்டிலோரம் அதே மூன்று பொத்தான்களை வைத்து ஒரு பெட்டி செய்தேன். சாயா வேணுமா? பச்சை. ரேடியோ போடவா? சிவப்பு. ரேடியோவை எடுத்துக்கொண்டு போனால் உடனே பச்சை. அன்று இருவரும் சிரித்தோம்.

பிறகு நினைவு தளர்ந்தது. "நான் யாருன்னு தெரியுதா அத்தா?" தினமும் காலையில் இதைத்தான் முதலில் கேட்பேன். பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் ஏலூர் ஆலைக்கு, வேலைக்கு, பஸ் பிடிப்பேன்.

ஒரு காலை என் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். விரல் பச்சைவரை போய், நகர்ந்தது. மஞ்சள்.

"நல்லது," என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "என் பேரு ஆரிஃபா. உங்க மக. இந்தப் பெட்டி நான் செஞ்சது."

சொல்லி முடித்தேன். அவர் விரல் பொத்தான்களின் மேலேயே இருந்தது, அதே கேள்விக்குக் காத்திருப்பதுபோல.

நான் மறுபடி கேட்கவில்லை.