கண்ணீர்க் கூடையும் ஓர் அட்டையும்

கவிஞனுக்கு இரக்கம் வேண்டும், கூர்ந்த பார்வை வேண்டும், உண்மை வேண்டும் என்று என் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, மூன்றுக்கும் நானே சரி போட்டிருந்தேன். கண்டி டவுனில் கடைக்காரர் மகன் நான். தேயிலையைத் தூளாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது ஒரு தடையாகவே தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் முதல் கவியரங்கம். என்னோடு வேலை பார்க்கும் நண்பனின் அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவரைக் கண்டதில்லை. ஆனாலும் அவரைப் பற்றி நாற்பது வரி எழுதி, ‘கண்ணீர்க் கூடை’ என்று தலைப்பும் வைத்துவிட்டேன்.

“அம்மாவுக்கே படிச்சுக் காட்டு மச்சான்” என்றான் நண்பன். அவன் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கோ, அந்த அம்மா அழுதுவிட்டால் கவிதை தேறிவிடும், அரங்கில் தைரியமாக நிற்கலாம் என்ற கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை, தூறலில் புல்லை மிதித்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறினோம். கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார் அம்மா. நான் எழுந்து நின்று, கவியரங்கில் செய்வதுபோல ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படித்தேன்.

மூன்றாம் வரியில் அம்மா கையைக் காட்டினார். “ஒருதரம் சொன்னாலே கேக்குதுங்க தம்பி. காது நல்லாத்தான் இருக்கு.”

நண்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் விடவில்லை. கண்ணீர், வியர்வை, கூடை, மறுபடி கண்ணீர். முடித்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே வருந்தியிருந்தார்.

“பாவம், யாருங்க அந்தப் பொம்பளை?”

“நீங்கதாம்மா” என்றான் நண்பன்.

“நானா! அடப் பாவமே, நாங்க பை கட்டித்தானே கொழுந்து எடுக்குறோம், கூடை ஏது? அழுதுகிட்டு நின்னா எப்ப தம்பி கொழுந்து எடுக்குறது? வேலை வாங்குற கங்காணிய நக்கலடிக்கவே எங்களுக்கு நேரம் பத்தல.”

கொப்பியை மூடும்போது கணுக்காலில் ஏதோ ஊர்ந்தது. சப்பாத்தைக் கழற்றினால், காலுறைக்குள் கொழுகொழுவென்று ஓர் அட்டை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அம்மா உப்பைப் போட்டு அட்டையை விழுத்தினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் கேட்டு வந்த கண்ணீர்தான். காரணம் மட்டும் வேறு.

“மச்சான், இதுக்குப் பேருதான் ரத்தம் சிந்தி எழுதுறது” என்றான் அந்தத் துரோகி.

அந்த வாரம் நாற்பது வரியையும் அடித்தேன். கூடை போனது, கண்ணீர் போனது. மிஞ்சியது நான் கண்டது மட்டும்: ஒருத்தியை அழ வைக்க மலையேறிய ஒருவன், அவளுடைய உப்பு, ஓர் அட்டை. பன்னிரண்டு வரி. அதில் அசடன் நான்தான் என்பதால் எழுதக் கை கூசியது. உண்மைக்குப் போட்ட ‘சரி’யையும் அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை மேடையேறினேன். மற்றக் கவிஞர்கள் எல்லோரும் கண்ணீரோடு வந்திருக்க, நான் மட்டும் அட்டையோடு. ஒவ்வொரு வரியையும் ஒரே தரம் படித்தேன். அட்டை வந்த இடத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வரிசையில், நண்பனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“அத இன்னொருதரம் சொல்லுங்க தம்பி!”