தண்ணீர் ஓடாமல் ஓடிய மீட்டர்

எண்பதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு சாயப்பட்டறைக்கு கன்ட்ரோலர் பொருத்தப் போயிருந்தேன். தொட்டிக்குப் போகும் தண்ணீரை அது சீராக விடும். மொத்தம் எத்தனை லிட்டர் என்றும் அதிலுள்ள மீட்டர் காட்டும். அந்த ஊரில் என்னோடு பேசிய ஒரே ஆள் பம்ப் ஆபரேட்டர் ஏழுமலை. தேவிகாபுரத்திலிருந்து கொண்டுவரும் சோற்றில் பாதியை டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒருநாள் காலையில் பார்த்தால், முந்தின மாலையை விட மொத்தம் நூறு லிட்டர் கூடியிருந்தது. யாரோ வால்வைத் திறந்திருக்கிறார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். பம்ப் ரூம் சாவி ஏழுமலையிடம்தான் இருந்தது.

"சாயந்திரமே பூட்டிகினு போய்ட்டேன் சார்" என்றார் என்னைப் பார்த்து.

"தண்ணி ஓடாம மீட்டர் ஓடுமா?" என்றேன்.

முதலாளி அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்.

அவர் இன்னும் கேட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் பம்ப் நின்றிருக்கும்போதே மீட்டரில் ஒரு எண் ஏறியது. தண்ணீர் ஓடாதபோதும் கருவி காட்டும் மிகச் சின்ன அளவுகளை எண்ணாதே என்று கன்ட்ரோலரில் செட் பண்ண நான்தான் மறந்திருந்தேன். ஓடிப்போய் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். முதலாளி ஏழுமலையைத் திரும்ப வேலைக்குப் போகச் சொன்னார்.

"பரவால்ல சார், வுடுங்க" என்றார் ஏழுமலை என்னிடம்.

மதியம் என் டூல் பாக்ஸ் மேல் அவருடைய டிபன் பாக்ஸ் மூடி இருந்தது, அதில் அதே பாதிச் சோறு. ஏழுமலை வேலியோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். வேலை முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் சோறு வந்தது. அவர் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.