அண்ணாச்சியின் பதினோரு பக்கங்கள்

“போன வாரம் சொன்ன அதே புஸ்தகந்தான். பதினோரு பக்கம் ஆயிருக்கு.”

அண்ணாச்சி எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்தப் பதினோரு பக்கத்தில் தனக்குப் பிடித்த ஓர் இடத்தைச் சொன்னார். மழைக்கு ஒதுங்கிய இரண்டு பகையாளிகள் ஒரே சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தானும் அந்த மழையில் நனைந்தவர் போல அவர் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய ஒரு மாடி வீட்டில் ஞாயிறு மாலைகளில் கூடுவோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர்; எல்லோருக்கும் மாமா. வருகிறவர்கள் பெரும்பாலும் ஃபோர்ட் பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள். இப்போது என்ன படிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. அண்ணாச்சி மட்டும் தாராவியிலிருந்து நடந்து வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தோல் பை தைக்கும் சிறு பட்டறை வைத்திருந்தார். எவ்வளவு கழுவியும் போகாத சாயம் நகக்கண்களில் இருக்கும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கனமான புத்தகங்களைப் பற்றிப் பேசினால் கிடைக்கும் மரியாதை பிடித்திருந்தது. ஒரு ஞாயிறன்று, ஒரு படகோட்டிக் குடும்பத்தைப் பற்றிய எழுநூறு பக்க நாவலைக் கால்மணி நேரம் புகழ்ந்தேன். நான் படித்திருந்தது முதல் முப்பது பக்கமும் ஒரு பத்திரிகை மதிப்புரையும்தான். கைதட்டினார்கள். கலையும்போது அண்ணாச்சி அருகில் வந்து, “தம்பி, நீங்க சொன்னதக் கேட்டதுல இருந்து ஒரே ஆசையா இருக்கு. அந்தப் புஸ்தகத்த எனக்குத் தருவியளா?” என்றார். மறுவாரம் கொடுத்தேன். அவர் எங்கே முடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

ஏழு மாதத்தில் முடித்துவிட்டார். கைவிட்டுப் போன அண்ணன் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்ட, தங்கை திறக்காமலே உள்ளே நிற்கும் கடைசிக் காட்சியைச் சொன்னார். “அவ தொறக்காதது சரின்னுதான் எனக்குத் தோணுது” என்றார். மாமா உடனே என் பக்கம் திரும்பினார்.

“நீ என்னடா சொல்றே? நீதானே முதல்ல படிச்சவன்?”

கதை அப்படி முடிகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

“தம்பி வாசிச்சு நாளாச்சுல்லா. ஒருதரம் பொரட்டிப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்” என்று புத்தகத்தை என் கையில் வைத்தார்.

படியிறங்கும்போது அதைப் பிரித்தேன். அந்தக் காலத்தில் சில புத்தகங்களின் தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் மடிப்போடு ஒட்டியே வரும். படிக்கிறவர்தான் அறுத்துக்கொள்ள வேண்டும். முதல் முப்பத்திரண்டு பக்கங்கள், நான் ஸ்கேலால் கிழித்தவை, பிசிறடித்துக் கிடந்தன. அதற்குப் பிறகு கடைசிவரை, தோல் அறுக்கும் கத்தியால் நூல் பிடித்தாற்போல் வெட்டியிருந்தது.

தெருவில் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். “அண்ணாச்சி, நான் இதைப் படிக்கவே இல்லை.”

“தெரியும் தம்பி. ஒட்டுன தாள நாந்தானே அறுத்தேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா வெக்கப்பட்டுட்டு இந்தப் பக்கமே வராம இருந்துருவிய. பட்டறையில ஒருத்தனுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆளு வேணும்லா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றைக்கும் யாராவது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் லோக்கல் வண்டியில் நின்றுகொண்டும், சாப்பாட்டு நேரத்திலும் படித்தேன். பக்கங்கள் தடங்கலின்றிப் புரண்டன. ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நேராகத் தாராவிக்குப் போனேன். அண்ணாச்சி தையல் மெஷினை நிறுத்தினார்.

“கடைசிவரைக்குமா?”

“கடைசிவரைக்கும். அவள் கதவைத் திறந்திருக்கணும் அண்ணாச்சி. நீங்க சொன்னது தப்பு.”

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எதிர் டீக்கடையைப் பார்த்து, “அரே, தோ சாய்!” என்று குரல் கொடுத்தார். ஸ்டூலில் கிடந்த தோல் துண்டுகளை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

“தப்பா? எப்படித் தப்பு? உக்காருங்க, சொல்லுங்க.”