அம்மாசி கண்டக்டரின் நீள நோட்டு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பாப்பாரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் சுமதி பேசினார். அம்மாசி கண்டக்டரின் மகள். அதற்கு முன் அவரோடு நான் பேசியதில்லை.

"அப்பா போயிட்டாருங்க சார்" என்றார்.

இரண்டு நாளாக உடம்பு சரியில்லை என்று வண்டிக்கு வராமல் இருந்தவர், அன்று காலை பொம்மிடி வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அப்பா நோட்டுல மொதப் பக்கத்துல அவரு பேரையே எழுதி வெச்சிருக்காருங்க. யாருக்குச் சொல்லணும்ங்கற எடத்துல எம்பேரும் உங்க பேரும் இருக்குதுங்க."

வராந்தாவுக்கு வந்து நின்றேன். துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தின் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அம்மாசியை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அவரை நல்ல மனிதர் என்றே நினைத்திருப்பீர்கள். மலையில் சிலர் மட்டும் அவர்மேல் ஒரு குறையை நான்கு வருடமாக வைத்திருக்கிறீர்கள். அந்தச் சிலருக்காகவே இது.

பொம்மிடியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வழியாகச் சித்தேரி மலைக்குப் போகும் ஒரு தனியார் பேருந்தில் இருபது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தார் அம்மாசி. மலைமேல் இருக்கும் பள்ளிக்குப் போக எனக்கும் அதே வண்டிதான். மலையில் சாமையும் கேழ்வரகும் அறுத்து முடித்த கையோடு ஆட்கள் வெளியூர் வேலைக்கு இறங்குவார்கள். மிளகுத் தோட்டம், காப்பித் தோட்டம், கட்டட வேலை. பெரிய பையோடு ஏறுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்பே அம்மாசிக்குத் தெரிந்துவிடும்.

நோட்டு தொடங்கிய கதையை அவரே ஒருமுறை சொன்னார். வேறு மாநிலத்தில் வெள்ளம் வந்த ஒரு வருடம், அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்த ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை. அவருடைய மனைவி தினமும் வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு வந்து, "எங்கூட்டுக்காரரு ஏறுனாராங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாராம். நாற்பது நாள் கழித்து அந்த ஆள் உயிரோடு வந்து அம்மாசியின் வண்டியிலேயே ஏறினார். போன் வெள்ளத்தில் போய்விட்டது. ஒரு எண்ணும் அவருக்கு மனப்பாடம் இல்லை. அவர் முகாமில் இருப்பதை ஊருக்குச் சொல்ல அங்கிருந்தவர்களுக்கும் வழி இல்லை. "நாப்பது நாளு அந்தப் பொம்பள தாலியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க சார். ஒரு நம்பரு இல்லாததுக்கு" என்றார். மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டியில் வண்டி நின்ற இடைவெளியில் நீள நோட்டு ஒன்று வாங்கிவிட்டார். பெயர், ஊர், போகும் இடம், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும், அவர்களுடைய எண். இவ்வளவுதான் பத்திகள்.

முதலில் யாரும் எழுத விடவில்லை. வேலைக்குக் கிளம்புகிறவனிடம் ஏதாவது ஆனால் என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? பெரியவர் ஒருவர் படியிலேயே நின்று, வாயில் நல்ல வார்த்தை வராதா என்று திட்டினார். அம்மாசி கேள்வியை மாற்றிக்கொண்டார். "போய்ச் சேந்ததும் மொதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்று கேட்டார். மனைவிக்கு, ஆத்தாவுக்கு, போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். புதிதாகக் கல்யாணம் ஆன ஒருவர் வெட்கப்பட்டுக் காதோடு சொன்னதைக்கூடப் பார்த்திருக்கிறேன். சொன்ன எண்ணை அம்மாசி திருப்பிப் படித்துக் காட்டுவார். பிறகுதான் டிக்கெட் கிழிப்பார்.

நான் அதில் நுழைந்தது என் கணினி அறிவைக் காட்டிக்கொள்ள. பேரிடர் நடக்கும் இடங்களுக்குப் போய் வேலை செய்யும் தன்னார்வலர் குழு ஒன்று, வெளியூர் போகும் தொழிலாளர்களின் விவரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாசியின் நோட்டைப் பற்றி அவர்களிடம் சொன்னவன் நான்தான். அவர்கள் அனுப்பிய படிவத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டேன். நோட்டில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பத்தொன்பது பேருக்கு மட்டும் எண் இல்லை. பள்ளியிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் வரும் ஒரு சிற்றூரிலிருந்து, வேறு வேறு இடங்களுக்கு, ஒரே நாளில் கிளம்பியவர்கள் அவர்கள். அன்று இருந்த கூட்டத்தில் பெயரையும் போகும் இடத்தையும் மட்டுமே அம்மாசியால் எழுத முடிந்திருந்தது.

"சார், இந்தப் பத்தொம்போது வூட்டுக்கும் நீங்க ஒரு நட போயிட்டு வந்துருங்க. நான் வண்டிய வுட்டு எறங்க முடியாதுங்க" என்றார்.

சனிக்கிழமை போகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை வெயில் அதிகமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவம், எண் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த ஆளுக்குப் போகவிடாது. பத்து இலக்கம் இருந்தே ஆக வேண்டும். நான் ஒரே இலக்கத்தைப் பத்து முறை தட்டினேன். நகர்ந்தது. பத்தொன்பது பேருக்கும் அப்படியே தட்டினேன். பிறகு போய்க் கேட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாசியிடம் பட்டியலின் அச்சுப்படி ஒன்றைக் கொடுத்து, எல்லாம் முடிந்தது என்று சொன்னேன்.

அந்தப் பட்டியலுக்காக ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அம்மாசி காக்கிச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பேசும்போது அவர் பெயரைச் சொன்னேன். ஒரே ஒருமுறை.

அந்த வருட மழைக்காலத்தில், பக்கத்து மாநிலத்தில் தோட்டங்கள் இருந்த ஒரு மலைச்சரிவு இடிந்து விழுந்தது. எங்கள் மலையைச் சேர்ந்த நான்கு பேர் அங்கே இருந்தார்கள். மூன்று பேருடைய குடும்பங்களுக்கு அன்று மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. நோட்டிலிருந்து போன எண்கள் அவை. ஒருவர் இறந்திருந்தார். இரண்டு பேர் தப்பித்திருந்தார்கள். நான்காவது ஆள் வெள்ளையன். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர். இடுப்புக்குக் கீழே நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார், நினைவோடு. தன்னார்வலர்கள் பட்டியலில் இருந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். பிறகு, எண் இயங்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தன.

வெள்ளையனின் ஊரில் மளிகைக் கடைக்காரரிடம் ஒரு போன் இருந்தது. கடை வாசலில் நின்றால் டவர் கிடைக்கும். நான் நடந்து போயிருந்தால், அந்த எண்ணைத்தான் எழுதி வந்திருப்பேன்.

இரண்டாம் நாள், இறந்தவரின் உடலை வாங்கப் போன உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் வெள்ளையனைப் பார்த்துவிட்டு அம்மாசிக்குப் போன் செய்தார். வண்டி மலையேறும் வழியில் நின்றிருந்த நேரம். பணப்பையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு அம்மாசி இறங்கி நடந்தார். வெள்ளையனின் மனைவி பழனியம்மாவை அழைத்துக்கொண்டு இறங்கி, பொம்மிடியில் ரயில் ஏறினார். மறுநாள் காலை அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளையன் இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மனைவிக்குச் சொல்லியாயிற்றா என்று இரண்டு நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்ததாக அங்கிருந்த நர்ஸ் சொன்னாராம்.

பத்து நாள் கழித்து வண்டி வழக்கம்போல் மலையேறியது. நான் இரண்டாவது சீட்டில் இருந்தேன். பழனியம்மாவின் அண்ணன் வழியில் ஏறினார். டிக்கெட் கேட்ட அம்மாசியின் கையைத் தட்டிவிட்டு, வண்டி முழுவதும் கேட்கும்படி பேசினார்.

"எழுதறேன் எழுதறேன்னு ஊரையே ஏமாத்திட்டயே. எந் தங்கச்சி புருசன் ரெண்டு நாளு உசுரோட கெடந்திருக்கான். ஒரு நம்பரச் சரியா எழுத உனக்குத் துப்பில்ல."

அம்மாசி என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கண் என்மேல் பட்டுவிடுமோ என்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க. எந்தப்புதாங்க" என்றார் அம்மாசி. டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

நான் எழுந்து நிற்கவில்லை. பள்ளி வந்ததும் இறங்கினேன். அன்று நான்கு பாடவேளையும் நடத்தினேன்.

மறுநாள் மாலை பொம்மிடி பஸ் ஸ்டாண்டில், டீக்கடை பெஞ்சில் அவரைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். "பாத்தனுங்க சார். ரயில்ல திரும்பி வந்ததும் நீங்க குடுத்த காயிதத்த நோட்டோட வெச்சுப் பாத்தேன். பத்தொம்போதும் ஒரே மாதிரி இருந்துச்சு."

தெரிந்தும் ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். என்மேல் இருக்கும் மரியாதையால் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"நான் எழுதத் தெரியாதவன்னு என்னைத் திட்டிட்டு நாளைக்கு நம்பரு குடுப்பாங்க. வாத்தியாரு பொய் எழுதுனாருன்னு தெரிஞ்சா அப்புறம் யாருங்க குடுப்பாங்க? மிச்சம் பதினெட்டுப் பேரு இன்னும் வெளியூர்லதான் கெடக்கறாங்க. மொதல்ல அதப் போயி எழுதிட்டு வாங்க."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அத எங்கிட்டக் கேக்காதீங்க சார். அது எங்கிட்ட இல்ல. பழனியம்மா கிட்ட இருக்குது."

அந்த வாரமே நடந்து போனேன். பதினெட்டு வீட்டிலும் உட்கார்ந்து, எண்ணைக் கேட்டு, திருப்பிப் படித்துக் காட்டி எழுதினேன். பழனியம்மாவின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. வேகமாக நடந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் நான்கு வருடம் அதே வண்டியில்தான் போய்வந்தேன். அம்மாசி வணக்கம் சொல்வார், பேசுவார், புதிய பெயர்களைக் கொடுப்பார். பழனியம்மாவைப் பார்த்தேனா என்று ஒரே ஒருமுறை கேட்டார். போகணும் என்றேன். அவர் தலையாட்டினார். மறுபடி கேட்கவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் நான் எரிச்சல்பட்டாவது போயிருப்பேனோ என்னவோ. இப்படி நினைப்பதும் பழியை அவர்மேல் தள்ளும் பழக்கம்தான்.

அடக்கத்துக்கு மலையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பழனியம்மாவும் வந்திருந்தார். வாசலில் என்னைப் பார்த்து, "கடைசி மட்டும் அந்த மனுசங்கூட நான் மொகங்குடுத்துப் பேசலைங்க சார்" என்று சொல்லி அழுதார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்து போனேன். பழனியம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விருந்தாளிகள், வெயில், பத்து முறை தட்டிய இலக்கம், வண்டியில் ஜன்னலைப் பார்த்தது, அவர் வீட்டைத் தாண்டிப் போனது. முறம் அவர் மடியில் அப்படியே இருந்தது. அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அவரு ஏறிவந்து என்னையக் கூட்டிட்டுப் போனாருங்களே. ரயில்ல எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்தாரு. அவரப் போயி..." என்றார்.

பிறகு, நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சுமதி என்னிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். இனி நீங்கள்தான் எழுதுவீர்களா என்று கேட்டார். நீங்கள் வேண்டாம் என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு போனைக் கொண்டுவந்தார்.

"எம்மவ அடுத்த மாசம் திருப்பூரு போறா. எழுதுங்க."

எழுதினேன். திருப்பிப் படிக்கச் சொன்னார், படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு, அந்த எண்ணுக்கு அங்கேயே அடித்துப் பார்க்கச் சொன்னார். அடித்தேன். அவர் கையில் இருந்த போன் ஒலித்தது. அது ஒலித்து ஓயும்வரை அவர் எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையில் இருப்பவர்களே, வெள்ளையனின் எண்ணைத் தப்பாக எழுதியவர் அம்மாசி கண்டக்டர் அல்ல, நான். இதைப் படிப்பவர்கள், படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இனி யாரிடமாவது நான் எண் கேட்டால், தருவதும் தராததும் உங்கள் விருப்பம். தருவதாக இருந்தால், பழனியம்மா செய்ததுபோல் அங்கேயே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாசியின் நினைவாக என்னிடம் இருப்பவை: பாதி எழுதிய நீள நோட்டு ஒன்று, அவர் கைதட்டியபோது நான் போர்த்தியிருந்த சால்வை, "எந்தப்புதாங்க" என்று அவர் சொன்ன குரல். அந்தச் சொல்லை வண்டியில் நான் சொல்லியிருக்க வேண்டும்.