மணிக்கட்டில் நாலு விரல்

அந்தச் சுவரொட்டியை எங்கள் குடும்பத்தில் முதலில் பார்த்தது நான்தான். பல் டாக்டரிடம் போய்விட்டு, பாதி வாய் மரத்துப்போய், பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு என் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். ‘மறக்க முடியாத பதினான்கு பாடல்கள், ஒரே தொகுப்பில்’ என்று தலைக்கு மேலே போட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் என் பஸ் போய்விட்டது.

பஸ் போனால் போகட்டும். படத்தில் அவனுடைய இடது மணிக்கட்டின் மேல் நாலு விரல்கள் இருந்தன. விரலுக்குப் பின்னால் கை இல்லை. கைக்கு உரியவளும் இல்லை. அந்த இடத்தில் படத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டினவனுக்கு விரலை எடுக்கத் தெரியவில்லை. எடுத்தால் இவன் கையும் சேர்ந்து போயிருக்கும்.

அது என் தம்பி பெண்டாட்டியின் கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் எங்களுக்குப் பிறத்தியாள் இல்லை. என் பெரியம்மாவின் மூத்த மருமகளுக்குக் கூடப்பிறந்த தங்கை. பெரியம்மா வீட்டு மாடியில் ஒரு பிறந்தநாளுக்கு அவள் பாட, இவன் கூடச் சேர்ந்து பாட, அப்படி ஆரம்பித்தது. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் ஊரெல்லாம் இவர்கள் பாட்டுத்தான். சத்தம் போடாமல் பாடுவார்கள். மழை, ஜன்னல், வராத கடிதம், வந்த நிலா, அவ்வளவுதான் பாட்டில் இருக்கும். ஜனங்கள் ‘பஞ்சு ஜோடி’ என்று பேர் வைத்தார்கள். முடிவெட்டும் கடை, பாங்கு, லிஃப்ட் என்று போகிற இடமெல்லாம் பஞ்சு பறந்தது.

என் தம்பியின் குரலைக் குறை சொல்ல மாட்டேன். தேன்தான். ஆனால் இடம் தெரியாது. நடுவில் வாத்தியம் வாசித்து முடித்ததும் எங்கே தொடங்க வேண்டும் என்பது அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சின்ன வயதிலேயே அப்படித்தான். வீட்டில் யாராவது வேடிக்கையாக ஒன்று சொன்னால், எல்லாரும் சிரித்து முடித்துக் கை கழுவப் போன பிறகு இவன் சிரிப்பான்.

அவள்தான் அதற்கு வழி கண்டாள். பாடும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தொடங்கும் இடம் வந்ததும் ஒரு அழுத்து. அவன் வாயைத் திறப்பான். மேடையிலும் அப்படி, ஒலிப்பதிவு அறையிலும் அப்படி. கையைக்கூட விடாமல் பாடுகிறார்கள், என்ன அன்பு என்று பார்த்தவர்கள் உருகினார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். ஜனங்கள் அன்பு என்று நினைத்தது மின்விசிறிக்கு ஸ்விட்ச் போடுகிற மாதிரியான வேலை. இது தெரிந்தவர்கள் அவன், அவள், நான், மூன்று பேர்தான்.

பிறகு கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். ஜோடிப் பாட்டுக்கு இனி மதிப்பில்லை, நீங்கள் தனியாக நில்லுங்கள் என்று அவன் காதில் ஓதினார். இவனும் தனியாக நின்றான். முதலில் மேடையில், அப்புறம் வீட்டை விட்டு, அப்புறம் வேறு ஒரு வீட்டில். தனியாகப் பாடின பாட்டெல்லாம் விழுந்துபோயின. ஏன் விழுந்தன என்று கம்பெனிக்காரருக்குப் புரியவில்லை. எனக்கும் அவளுக்கும் புரிந்தது. நாங்கள் வெளியே சொல்லவில்லை.

அவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேதான். சுவரொட்டியைப் பார்த்த கையோடு நான் நேரே அங்கே போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், கொதிகலனுக்கு அடுத்த கட்டடம். உள்ளே போனால் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியாது. வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். இந்தப் பக்கம் கறையோடு இறங்கி அந்தப் பக்கம் மடிப்போடு ஏற வேண்டும். இயந்திரம் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். அவள் வேலை கடைசி மேஜையில். விரிப்பின் மூலையில் எந்த வார்டு என்று மைப்பேனாவால் எழுதி அடுக்குவாள். அந்த மை எத்தனை முறை வேகவைத்தாலும் போகாது. மாடிக் கொடியில் என் துண்டும் போர்வையும் பக்கத்து வீட்டாரோடு மாறிப் போகின்றன என்று சொன்னதற்கு எனக்கும் ஒரு பேனா கொடுத்திருந்தாள். அது எப்போதும் என் பையில் கிடக்கும்.

“என்ன அண்ணி, வாய் ஒரு பக்கமா இருக்கு?” என்று கத்தினாள்.

“வாயை விடு. உன் கையை வெட்டிட்டானுங்க!”

அவள் பயந்துபோய்த் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரி இயந்திரத்தில் நிற்கும் பெரியவர், “பாட்டுக்காரி, இரும்மா, தேடிப் பார்க்கிறேன்” என்று தன் போனை எடுத்தார். தொகுப்பு அதில் வந்திருந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனை மேஜையில் வைத்தார்.

முதல் பாட்டு, ஜன்னல் பாட்டு. அவன் குரல் வந்தது. கொஞ்சம் தடித்திருந்தது. அடுத்த வரி அவளுடையது. அங்கே ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. கண்ணாடிக் கிண்ணம் மாதிரி சுத்தமாக, யாரோ ஒருத்தி. இரண்டாவது பாட்டிலும் அந்தச் சின்னப் பெண்தான். மூன்றாவதிலும் அதே பெண்தான். பெரியவர் மெதுவாக அதை அணைத்தார்.

அவள் எழுதிக்கொண்டிருந்த விரிப்பை மடித்து வைத்தாள்.

“நான் செத்துப் போயிட்டேனா, அண்ணி?”

“வாயைக் கழுவு.”

“இல்லை, கேக்குறேன். செத்தவங்க குரலைக்கூடப் பத்திரமா வெச்சிருப்பாங்களே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே அவள் வீட்டுக்கு வந்தான். நான் அங்கேதான் இருந்தேன், இருக்க வேண்டும் என்றே இருந்தேன். ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீடு. கையில் ஒரு பை ஆப்பிள், தொகுப்பின் ஒரு பிரதி; அட்டையிலும் அதே சுவரொட்டிப் படம். தலைக்கு மை போட்டிருந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“பழைய பதிவெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. அதான் புதுசாப் பாட வேண்டியதாப் போச்சு” என்றான்.

“சரி” என்றாள்.

“வர்ற சனிக்கிழமை வெளியீட்டு விழா. நீ வரணும். மேடையில என் பக்கத்துல நின்னா ஜனங்க சந்தோஷப்படுவாங்க.”

“பாடணுமா?”

“வேணாம் வேணாம். அதுக்கு அந்தப் பொண்ணு இருக்கு. நீ சும்மா நின்னாப் போதும்.”

“கையைப் பிடிச்சுக்கிட்டா?”

அவன் ஆப்பிள் பையைப் பார்த்தான். “பிடிச்சுக்கிட்டா நல்லா இருக்கும்.”

பதிவில் இவன் தப்பான இடத்தில் தொடங்கியதையெல்லாம் கம்ப்யூட்டரில் நகர்த்திச் சரிசெய்துவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேடையில் எதைக் கொண்டு நகர்த்துவது?

“ஏண்டா டேய்! குரல் வேணாம், முகம் வேணாம், கை மட்டும் வேணுமா? கறிக்கடையில வந்து நிக்கிறியா, இந்தத் துண்டு போதும்னு கேக்க?”

“அக்கா, நீ சும்மா இரு. உனக்கு இந்தத் தொழில் தெரியாது.”

“உன்னைத் தெரியும்டா. மூக்குச் சிந்தத் தெரியாத காலத்துலேருந்து தெரியும்.”

அவள் என்னைக் கையமர்த்தினாள். “என்னை ஏன் பாடக் கூப்பிடலை? நீங்க கூப்பிட்டு நான் வரமாட்டேன்னு சொன்னேனா?”

“உனக்குக் குரல் போயிடுச்சுன்னு கம்பெனியில...”

“கம்பெனிக்கு யார் சொன்னது?”

அவன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

“நீங்கதான் சொன்னீங்க” என்றாள். பிறகு குழாயடியில் டம்ளரைக் கழுவிக்கொண்டே அந்த ஜன்னல் பாட்டில் ஒரு வரியைப் பாடினாள். இயந்திரங்களோடு கத்திக் கத்திக் குரல் தடித்து, கீழே இறங்கியிருந்தது. பஞ்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இடம் இம்மியும் பிசகவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

“என் குரலை வெச்சு மறுபடி பதிவு பண்ணச் சொல்லுங்க. வந்து நிக்கிறேன், கையையும் பிடிக்கிறேன்.”

“அட்டையெல்லாம் அச்சாயிடுச்சே.”

“அச்சாகுறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வழி தெரியலையா?”

அவன் எழுந்துவிட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னான், அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை: “நீ வருவ. என்னை அப்படி நாலு பேர் முன்னாடி தடுமாற விட உனக்கு மனசு வராது.”

சனிக்கிழமை அவள் வேலை முடிந்து, அதே உடுப்போடு, அதே ரப்பர் செருப்போடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “வாங்க அண்ணி, போவோம்.” ஏன் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. அவள் அவனுக்கு உதவிவிடுவாளோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் முழுக்க அதே பயம்.

ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் மேஜை போட்டுத் தொகுப்பைச் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். நாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்தோம். அவன் எங்களைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்தது. ஒலிபெருக்கியில், “இவங்க இல்லாம நான் இல்லை” என்று அவளை மேலே கூப்பிட்டான். அத்தனை பேரும் கை தட்டினார்கள். அவள் ஏறிப் போனாள். அவன் இடது கையை நீட்டினான். அவள் மணிக்கட்டில் விரலை வைத்தாள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

வாத்தியம் தொடங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொடங்க வேண்டிய இடம் வந்தது, போனது. கீபோர்டுக்காரர் சமாளித்து மறுபடி முதலிலிருந்து கொண்டுவந்தார். மறுபடியும் வந்தது, போனது. அவளுக்குப் பதிலாகப் பாட வந்த சின்னப் பெண் திருதிருவென்று முழித்தாள்.

“அழுத்து” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒலிவாங்கி அதைச் சபை முழுக்கக் கொண்டுபோனது.

“குரல் போனவளுக்குக் கை மட்டும் எப்படி இருக்கும்?” என்றாள் அவள். அதுவும் கேட்டது. “பாடு. நீதானே பாடகன். பாடு.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ‘நீங்க’ என்றுதான் சொல்வாள். ‘நீ’ என்று கேட்டது அன்றைக்குத்தான்.

அவன் தொடங்கினான். தப்பான இடம். அந்தச் சின்னப் பெண்ணின் வரியும் அவன் வரியும் வாசற்படியில் இரண்டு பேர் முட்டிக்கொள்கிற மாதிரி முட்டிக்கொண்டன. வேண்டுமென்று செய்கிறார்கள் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். மறுபடி முட்டியதும் சிரிப்பு நின்றது. கம்பெனிக்காரர் ஓடிப் போய்ப் பதிவைப் போடச் சொன்னார். பதிவு பாடியது, அவன் வாய் அதற்கும் பின்னால் அசைந்தது. அதற்குள் அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருப்போம். வாசலில் மேஜையருகே அந்தக் கண் துடைத்த அம்மாள் வழிமறித்தாள்.

“நீங்கதானே அவங்க? அப்ப, இந்தப் பதினாலு பாட்டுல நீங்க எங்கே?”

“இதோ” என்று அட்டையில் இருந்த நாலு விரலைத் தொட்டுக் காட்டினாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் விட்டு வெச்சிருக்காங்க.”

“அடப்பாவிங்களா! ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கம்மா.”

அவள் உடுப்புப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தாள். வெட்டின ஓரத்தில், விரல்கள் முடியும் இடத்தில், தன் பேரைப் பெரிதாக எழுதினாள். எழுத்து அவன் சிரிப்பின் மேல் பாதி ஏறியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பிரதியையும் நீட்டினார்கள். வரிசை வாசலைத் தாண்டிப் போனது. வாங்காதவர்கள்கூட வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார்கள். கம்பெனிக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“அம்மா, சரக்கைக் கெடுக்காதீங்க!”

“கெடுக்கலை சார். யாரோடதுன்னு எழுதுறேன். எங்க வேலையில எழுதாம விட்ட துணியை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்.”

அவர் ஒரு அட்டையைப் பிடுங்கி, கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டைதான் வீணானது.

“வேகவெச்சுப் பாருங்க சார்” என்றாள்.

தம்பி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா அவளைத் தடுத்திருக்க வேண்டுமாம். நான் எதற்குத் தடுக்க வேண்டும்? வரிசையில் இன்னும் பாதிப் பேர் நிற்கும்போது அவள் பேனா தீர்ந்துபோய்விட்டது. என் பையைத் துழாவி, என் போர்வைக்குப் பேர் எழுதுகிற பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.